மல்லாந்து கிடக்கும் மாடலை நிமிர்த்துவோம்

வணக்கம் நண்பர்களே. திரையில் இருப்பது ஒரு பம்ப். இயந்திரப் பாகங்கள் வரையும் மென்பொருளான சாலிட்வொர்க்ஸில் வரைந்து, வடிவத்தைச் சேமிக்கும் எஸ்டிஎல் ஃபைலாக எடுத்தது. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் திறந்ததும் மல்லாந்து கிடக்கிறது, பாருங்கள்.

ஃபைல் கெட்டுப்போகவில்லை. சாலிட்வொர்க்ஸுக்கு ஒய் அச்சுதான் மேலே, பிளெண்டருக்கு இசட். எது மேல்பக்கம் என்று எழுதி வைக்க எஸ்டிஎல்லில் இடமே கிடையாது. மில்லிமீட்டரா மீட்டரா என்றுகூட அது சொல்லாது! அதனால் இம்போர்ட் செய்யும்போதே 'அப் ஆக்சிஸ்' என்ற இடத்தில் ஒய் என்று மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே கொண்டுவந்துவிட்டீர்களா? ஆர், எக்ஸ், 90, என்டர் என்று வரிசையாக அழுத்துங்கள், எக்ஸ் அச்சில் 90 டிகிரி சுற்றும். எழுந்து நின்றுவிட்டது. அப்புறம் கண்ட்ரோல் ஏ அழுத்தி 'ரொட்டேஷன்' கொடுங்கள், இப்போதைய நிலையே மாடலின் இயல்பு நிலையாகிவிடும். இதை விட்டுவிட்டால் மாடல் நேராகத் தெரியும், அதன் சொந்த அச்சுகள் மட்டும் படுத்தே இருக்கும். மாடலின் கண்ணாடி பிம்பத்தை உருவாக்கும் மிரர் மாடிஃபையர் போட்டுப் பார்த்தால் பிம்பம் வேறு திசையில் விழும். நான் ஒரு மாலை முழுக்க மாடிஃபையரைத் திட்டிக்கொண்டிருந்தது இதனால்தான்.

சரி, 90 டிகிரி சுலபம். இந்த பிராக்கெட்டைப் பாருங்கள், கோணல்மாணலாக நிற்கிறது. இயந்திரத்தில் அது பொருந்தும் இடத்திலேயே வைத்து வரைந்திருக்கிறார்கள். அந்தச் சாய்வு அப்படியே கூட வந்துவிட்டது. தயவுசெய்து கண்ணளவில் சுற்றாதீர்கள். நேராகிவிட்டது என்று தோன்றும், துளைகள் மட்டும் பொருந்தாது.

மாடலின் முகங்களைத் தனித்தனியாகத் தொட உதவும் எடிட் மோடில் தட்டையான அடிப்பக்க முகத்தைத் தேர்ந்தெடுங்கள். டிரான்ஸ்ஃபார்ம் ஓரியன்டேஷன் பட்டியலில் கூட்டல் குறியை அழுத்தினால், அந்த முகத்தின் சாய்வில் புதிய அச்சு ஒன்று உருவாகும். மாடலை முழுதாகக் கையாளும் ஆப்ஜெக்ட் மோடுக்குத் திரும்பி, மாடல் அசையாமல் அதன் சொந்த அச்சுகள் மட்டும் திரும்ப ஆப்ஷன்ஸில் 'ஆரிஜின்ஸ்' என்பதை டிக் செய்து, 'அலைன் டு டிரான்ஸ்ஃபார்ம் ஓரியன்டேஷன்' கொடுங்கள். டிக்கை எடுத்துவிட்டு ஆல்ட் ஆர் அழுத்துங்கள், சுற்றல் பூஜ்யமாகிவிடும். அவ்வளவுதான்... ஆனால் தலைகீழாக நிற்கிறது! அடிமுகம் வெளிப்புறமாகப் பார்க்கும் திசையை பிளெண்டர் இசட் என்று எடுத்துக்கொண்டது. எக்ஸில் 180 சுற்றினால் சரியாகிவிடும். இங்கேயும் மறக்காமல் கண்ட்ரோல் ஏ.

திசை மாறியிருக்கிறது என்று ஸ்கேலில் மைனஸ் 1 போட்டுச் சரிசெய்பவர்களும் உண்டு. அது சுற்றுவது அல்ல, கண்ணாடி பிம்பம். இந்த போல்ட்டில் போட்டுக் காட்டுகிறேன்: வலப்பக்க மரை இடப்பக்க மரையாகிவிட்டது, தலையில் இருந்த எழுத்தும் திரும்பிக்கொண்டது. இதை 3டி பிரிண்டரில் அச்சடித்தால் சாதாரண நட்டு எதுவும் ஏறாது.