குழாய் வாயில் கட்டிய துணி

(மும்பை செம்பூரில், தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு ஞாயிறு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

மும்பையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை விட்டுக் கொடுப்பது லேசான காரியம் இல்லை. வாரம் முழுக்கத் தள்ளிப்போட்ட துணி, இட்லிக்கு மாவு, பிள்ளைகளின் புராஜெக்ட் எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் காத்துக் கிடக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் தொடங்கிவிடுகிறேன்.

ஓட்டமும் நடையுமாக இருக்கிற குடும்ப வாழ்க்கையில் நன்றி சொல்ல என்ன இருக்கிறது என்று பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதுமே என் நினைவுக்கு வந்தது ஒரு பழைய வேட்டித் துணி. அதைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். அதற்கு முன்னால் கொஞ்சம் ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

29 வருஷம் செம்பூரிலிருந்து சி.எஸ்.டி. ஸ்டேஷனுக்கு ஹார்பர் லைன் ரயிலில் வேலைக்குப் போய் வந்தவள் நான். லேடீஸ் டப்பாவில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலு பேர் உட்காருவது இங்கே எழுதாத சட்டம், உங்களுக்கே தெரியும். நாலாவது ஆளுக்குப் பாதி இடம்தான். மீதிப் பாதி உடம்பு நடைவழியில் தொங்கும். ஆனாலும் குர்லா தாண்டி, வடாலா வருவதற்குள் அந்தப் பாதி இடம் கிடைத்துவிட்டால் வருகிற நிம்மதி இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த இடம் எப்படி வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நாலாவது ஆளுக்குத் தெரிவது, பக்கத்தில் இருப்பவள் நகர்ந்தது மட்டும்தான். அவளைப் பார்த்துத்தான் சிரிப்போம், தலையாட்டுவோம். அவள் நகர வேண்டும் என்றால் நடுவில் இருப்பவள் நகர வேண்டும். நடுவில் இருப்பவளுக்கு இடம் வேண்டுமென்றால் ஜன்னலோரம் இருப்பவள் கம்பியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் அவள் தோள் முழுக்க நனையும். அதிகம் விட்டுக் கொடுத்தவள் அவள்தான். அவள் முகத்தைக்கூட நாலாவது ஆள் பார்த்திருக்க மாட்டாள்.

வீட்டிலும் இதுவேதான் நடக்கிறது என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் உறைத்தது.

நம் வீடுகளில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொள்ளும் வழக்கம் கிடையாது. சோறு போட்ட அம்மாவிடம் 'நன்றி அம்மா' என்று சொல்லிப் பாருங்கள், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. திருக்குறளில் இதற்கென்று இருக்கிற பதினோராவது அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றி அறிதல். வள்ளுவர் அங்கே வைத்த சொல் அறிதல். யார், எப்போது, எந்தச் சங்கடத்துக்கு நடுவில் செய்தார்கள் என்று தெரிந்துகொள்வது. வாயால் சொல்லாவிட்டால்கூடப் போகட்டும். தெரியாமலே சாப்பிட்டு, தெரியாமலே உடுத்தி, தெரியாமலே வருஷக்கணக்கில் தூங்கி எழுந்து போய்விடுகிறோமே, அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஏன் தெரியாமல் போகிறது? நாம் கெட்டவர்கள் என்பதால் இல்லை. 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோரி சிக்கோலி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கனடாவில் கணவன் மனைவிகளைத் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள்: சமையல், கடை கண்ணிக்குப் போவது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, இதில் உங்கள் பங்கு எவ்வளவு? இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான வேலைகளில் நூறு சதவீதத்தைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. நான் தேய்த்த பாத்திரம் என் கைக்குத் தெரியும், அதனால் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் வரிசையில் நின்று கட்டிய கரண்ட் பில் எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? நான் அந்த வரிசையில் நிற்கவில்லையே.

அதற்காக இரண்டு பக்கமும் சமம் என்று சொல்லிவிட்டுப் போக என் மனம் ஒப்பவில்லை. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவழிக்கிறார்கள். அதே வேலையில் கை கொடுக்கிற ஆண்கள் 97 நிமிடம். அந்த 97 நிமிடம்கூட எல்லா ஆண்களுக்கும் சேர்த்து இல்லை, வேலை செய்ததாகச் சொன்னவர்களுக்கு மட்டும். இந்த அரங்கில் இருக்கிற ஆண்கள் இந்த இரண்டு எண்களையும் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, வேட்டித் துணிக்கு வருகிறேன்.

கல்யாணமாகி நான் வந்து சேர்ந்தது இதே செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடிக்கு. ஒரு அறை, ஒரு சமையலறை, அதன் மூலையில் மோரி. அங்கேதான் குளியல், பாத்திரம், துணி எல்லாம். மாடியில் தொட்டி கிடையாது. விடியற்காலை நாலேகாலுக்குத் தண்ணீர் வரும், ஐந்தேகாலுக்கு நின்றுவிடும். அதற்குள் பிடித்து வைப்பதுதான் அன்றைய நாள் முழுவதற்கும்.

இந்த நேரக் கணக்கை இப்போது சரளமாகச் சொல்கிறேன். ஆனால் கல்யாணமான முதல் எட்டு வருஷம் எனக்கு இது தெரியாது. நான் ஐந்தரைக்கு எழுந்திருக்கும்போது டிரம் நிறைந்திருக்கும், செப்புக் குடம் துலக்கி நிறைத்து மேடையில் இருக்கும். என் மாமியார் மோரியைக் கழுவிவிட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். தென்காசிப் பக்கத்துக்காரர்கள். வயதானவர்களுக்குத் தூக்கம் வராது, அதனால் சீக்கிரம் எழுந்துவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அத்தைக்கு 54 வயது. இன்றைக்கு எனக்கு இருக்கிற வயதைவிடக் குறைவு.

1996 மே மாதம் நாத்தனாரின் பிரசவத்துக்கு அத்தை ஊருக்குப் போனார்கள். மறுநாள் நாலேகாலுக்கு நான் எழுந்தேன். குழாயின் வாயில் ஒரு வேட்டித் துணியை நாலாக மடித்துக் கட்டியிருந்தது. மண்ணும் தூசியும் வராமல் வடிகட்ட இந்த ஊரில் எல்லோரும் கட்டுவதுதான். ஆனால் இது ஒன்றரை முழ நீளம் தொங்கியது. எதற்கு இவ்வளவு நீளம் என்று நான் அதைச் சுருட்டி மேலே முடிந்துவிட்டேன். தரையில் கிடந்த சாக்கையும், கால் துடைக்கிற சாக்குதானே என்று ஓரமாகத் தள்ளிவிட்டு, வாளியைக் கல் தரையில் வைத்தேன்.

'டங்' என்றது. மேலிருந்து தண்ணீர் தகர வாளியின் அடியில் விழுந்த சத்தம் அந்த ஒற்றை அறை முழுக்க நிறைந்தது. தொட்டிலில் கிடந்த என் இளைய பிள்ளை வீறிட்டு அழ ஆரம்பித்தான். மூத்தவளும் எழுந்துவிட்டாள். இவரும் எழுந்து உட்கார்ந்தார். ஒருத்தி பிள்ளையைப் பார்ப்பதா, தண்ணீர் பிடிப்பதா? அன்று பாதி டிரம்தான் நிறைந்தது.

மூன்றாம் நாள்தான் எனக்குப் புரிந்தது. அந்த நீளத் துணி வாளியின் அடிவரைக்கும் தொங்கும். தண்ணீர் துணி வழியாகவே வழிந்து இறங்கும், சத்தமே வராது. சாக்கு, வாளியை வைத்து எடுக்கும்போது தரையில் இடிக்காமல் இருக்க. எட்டு வருஷமாக ஒவ்வொரு விடியற்காலையிலும் அத்தை என் தூக்கத்தைத்தான் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். துணியை நான் தினமும் பார்த்தேன். சாக்கில் தினமும் கால் துடைத்தேன்.

அன்றைக்கு மோரியில் உட்கார்ந்து அழுதேன். எழுதிப் போடலாம் என்று ஒரு இன்லேண்ட் லெட்டரை எடுத்தேன். 'அத்தைக்கு நமஸ்காரம்' என்பதற்கு மேல் ஓடவில்லை. குழந்தைகள் சுகம், மழை இன்னும் வரவில்லை என்று எழுதி ஒட்டிவிட்டேன். அத்தை திரும்பி வந்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த 40 நாளில் தண்ணீரைப் பற்றியே என் யோசனை மாறிப்போனது. முலுண்டிலிருந்து வித்யாவிஹார் வரைக்கும் அங்கங்கே ஆள் உயரக் குழாய்கள் போகின்றனவே, சின்னப் பிள்ளையிலிருந்தே நான் பார்த்தவை, அவை தான்சா ஏரியிலிருந்து வருகின்றன என்று அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தான்சா 1892-இல் கட்டி முடித்தது. மும்பைக்கு ஏழு ஏரிகள். விஹாரும் துல்சியும் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. தான்சா, மோடக் சாகர், பாத்சா, மத்திய வைதரணா, மேல் வைதரணா எல்லாம் தொலைவில், தானே, நாசிக் மாவட்டங்களின் மலைப்பக்கம். அங்கிருந்து வரும் தண்ணீர் பெரும்பாலும் தன் சரிவிலேயே ஓடி வந்து சேர்கிறது.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. அந்த அணைகளில் பல இருக்கிற ஷஹாப்பூர் தாலுகாவிலேயே கோடை வந்தால் பல ஆதிவாசிக் கிராமங்கள் டேங்கரை எதிர்பார்த்து நிற்கின்றன. நம் சீட்டில் ஜன்னலோரம் கம்பியோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். ஏப்ரல் மே மாதங்களில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்கிற யாரையும் என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பேரப்பிள்ளைகளுக்கு என் மேல் கோபம் வருவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நன்றி என்ற சொல்லை வைத்தே பெண்களின் வாயை அடைக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. 'நல்ல வீடு, நல்ல புருஷன், இதுக்கு மேல என்ன வேணும்? நன்றியோட இரு' என்பார்கள். அந்த நன்றி எனக்கு வேண்டாம். அடி வாங்குகிறவளிடம், சம்பளத்தை முழுசாகப் பறிகொடுக்கிறவளிடம் போய் நன்றியைப் பற்றி யாரும் பேசக்கூடாது. நான் பேசுவது நேர் எதிரானது. தெரிந்துகொண்டால் ஏதாவது மாற வேண்டும். அத்தையின் துணியைப் பார்த்த பிறகு நான் ஐந்தரை வரைக்கும் தூங்கியிருந்தால் நான் அறிந்தது என்ன அறிதல்?

எங்கள் வீட்டில் இப்போது என்ன செய்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர் பத்து வாரம், வாரத்துக்கு ஒரு முறை, நன்றிக்குரிய விஷயங்கள் ஐந்துவரை எழுதினார்கள். எரிச்சலூட்டியவற்றை எழுதிய குழுவைவிட அவர்களுக்கு வாழ்க்கையின் மேல் நல்ல அபிப்பிராயம் இருந்தது. தினமும் எழுது என்று சொன்னால் நம் வீடுகளில் இரண்டு நாள்கூடத் தாங்காது. வாரம் ஒரு முறை முடியும். எங்கள் வீட்டில் ஞாயிறு ராத்திரி சாப்பாட்டின்போது ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரே நிபந்தனை: பொதுவாகச் சொல்லக் கூடாது. 'அம்மா எல்லாம் செய்யறாங்க' என்றால் செல்லாது. நாள் வேண்டும், ஆள் வேண்டும், என்ன செய்தார்கள் என்று வேண்டும்.

முதல் இரண்டு வாரம் எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள். அப்புறம் தேட ஆரம்பித்தார்கள். ஸ்கூல் பஸ் வரும்போது தான் இறங்கி வரத் தாமதமானால் கீழே இருக்கும் வாட்ச்மேன் டிரைவரிடம் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைக்கிறார் என்று என் பேத்தி கண்டுபிடித்தாள். அவள் அப்பாவுக்குச் சட்டைப் பட்டன் ஒன்று விழுந்து, அவன் கவனிப்பதற்குள் தைத்திருந்தது. யார் தைத்தார்கள் என்று வீடு முழுக்க விசாரித்தான். தைத்தது அவள் தாத்தா என்று நினைத்துப் பார்ப்பீர்களா? என் வீட்டுக்காரர்தான்.

இவர் சொன்னதுதான் எல்லோரையும் அசைத்தது. வீட்டு வேலைக்கு வருகிற பாயியிடம் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். மான்குர்தில் அவள் இருக்கிற சந்தில் தண்ணீர் விடியற்காலை மூன்று மணிக்கு. பிடித்து வைத்துவிட்டு, சமைத்துவிட்டு, ஏழு மணிக்கு எங்கள் கதவைத் தட்டுகிறாள். ஆறு வருஷமாக வருகிறாள், நாங்கள் கேட்டதே இல்லை. மறுநாளிலிருந்து ஒன்பது மணிக்கு வந்தால் போதும் என்று சொன்னோம். சம்பளத்தில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. ஏழு மணிப் பாத்திரத்தை இப்போது என் மகன் தேய்க்கிறான்.

அத்தை திரும்பி வந்த கதையைச் சொல்லி முடிக்கிறேன்.

நாற்பதாம் நாள் ராத்திரி ரயிலில் வந்து இறங்கினார்கள். இரண்டு நாள் பிரயாணக் களைப்பு. மறுநாள் நாலு மணிக்கே நான் எழுந்து மோரிக்குப் போய்விட்டேன். பழைய துணி நைந்து போயிருந்ததால் இவருடைய வேட்டி ஒன்றைக் கிழித்துப் புதிதாகக் கட்டியிருந்தேன். இருட்டில் பின்னால் யாரோ நிற்பது போல இருந்தது. அத்தை.

"நீங்க படுங்க அத்தை, இனிமே நான் பிடிக்கிறேன்" என்றேன். அதற்கு மேல் சொல்ல நினைத்திருந்ததெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அத்தை பதில் சொல்லவில்லை. குனிந்து சாக்கு சரியாகக் கிடக்கிறதா என்று காலால் தடவிப் பார்த்தார்கள். பிறகு குழாயில் நான் கட்டியிருந்த துணியை எடுத்து, வாளிக்குள் விட்டு நீளம் பார்த்தார்கள்.

"ஒரு சாண் பத்தாது தாயி. அடி வரைக்கும் தொங்கணும். பிள்ளை முழிச்சிரும்லா" என்றார்கள். முடிச்சை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு, இன்னொரு துண்டு துணி எடுக்க உள்ளே போனார்கள்.