பின்னால் வருகிற வண்டி

நேயர்களுக்கு வணக்கம்.

கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வாகனத்தின் பின்னால் கரவன் கொழுவிக்கொண்டு போகிறார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அதற்குள்ளேயே. இந்த உரையை இணையத்தில் கேட்கப்போகிற அவர்களுக்காகவும், இங்கிருந்து அவர்களைப் பார்க்கப் போய் அதற்குள் படுத்துறங்குகிற அம்மா அப்பாமாருக்காகவும் பேசுகிறேன். எங்கள் உழவு இயந்திரப் பெட்டிக்கும் இதில் பாதி பொருந்தும்.

இழுபடுகிற வண்டிக்கு வரும் பழுது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. காரின் முன்சில்லில் காற்றுக் குறைந்தால் ஸ்ரேறிங் ஒரு பக்கம் இழுக்கும், கைக்குத் தெரிந்துவிடும். பின்னால் வருகிற கரவனின் ரயர் கிழிந்து துண்டு துண்டாய் றோட்டில் பறந்தாலும், முந்திப் போகிற யாரோ ஹோர்ன் அடித்துக் காட்டும்வரை சிலர் ஓடிக்கொண்டே இருப்பார்கள். அதனால், நிறுத்துகிற ஒவ்வோர் இடத்திலும் இறங்கிப் போய்த் தொட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

முதலில் கொழுவுகிற இடம். வட அமெரிக்காவில் வாகனத்தின் பின்னால் ஓர் இரும்புக் குண்டு இருக்கும், கரவனின் மூக்கு அதன்மேல் கவிழ்ந்து பூட்டும். அந்தக் குண்டு 2 அங்குலத்திலும் உண்டு, 2 5/16 அங்குலத்திலும் உண்டு. பெரிய மூக்கைச் சின்னக் குண்டின்மேல் வைத்தாலும் பூட்டு விழுந்த மாதிரியே இருக்கும். ஏதோ ஒரு பள்ளத்தில் துள்ளும்போதுதான் கழன்று போகும். அளவு குண்டிலேயே பொறித்திருக்கும், அதை வாசியுங்கள். பூட்டிய பிறகு ஜாக்கியைச் சுற்றி மூக்கைக் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள். வாகனத்தின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் சரி. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் மூக்கின் கீழே குறுக்காகப் போட வேண்டும். அப்போதுதான், மூக்கு கழன்றாலும் றோட்டில் குத்தாமல் அந்தக் குறுக்கின்மேல் தங்கும். இன்னொரு மெல்லிய கம்பியும் இருக்கிறது. கரவன் பிரிந்து போனால் அது ஓர் ஆணியை இழுத்தெடுக்கும், உடனே கரவனின் பற்றரி அதன் மின் பிறேக்கைப் பிடித்துவிடும். பற்றரி செத்துக் கிடந்தால் அந்தக் கம்பியால் ஒரு பயனும் இல்லை.

இங்கே நாங்கள் என்ன செய்கிறோம்? பெட்டி கொழுவுகிற ஆணியின் கிளிப் தொலைந்தால் கட்டுக்கம்பியைச் சுற்றிவிட்டு வேலைக்குப் போகிறோம். கல்லும் மண்ணும் ஏற்றிய பெட்டி அந்தக் கம்பியை நம்பித்தான் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற றோட்டில் ஓடுகிறது. இதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

பாரம் ஏற்றுவதிலும் கணக்கு இருக்கிறது. வட அமெரிக்கக் கரவன்களில் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை மூக்கில் இறங்க வேண்டும் என்பார்கள். சைக்கிள், ஜெனறேற்றர் எல்லாவற்றையும் வாலில் கட்டினால் மூக்கு இலேசாகி, வால் ஆடத் தொடங்கும். சோளகக் காற்று வீசும் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் போனவர்களுக்குப் பக்கக் காற்று என்ன செய்யும் என்று தெரியும். ஒரு பெரிய லொறி முந்திப் போனாலே கரவனுக்கு அந்த நிலைதான். ஆட்டம் பிடித்துவிட்டால் வாகனத்தின் பிறேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், வேகத்தையும் கூட்டாதீர்கள். ஸ்ரேறிங்கை நேராகப் பிடித்து, அக்சிலேற்றரை விட்டு, கரவனின் பிறேக்கை மட்டும் கையால் இயக்குங்கள். அதற்கென்று ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒரு நெம்பு இருக்கும்.

இனி ரயர். ஆட்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். கரவன் வருடத்தில் பெரும்பகுதி வெயிலில் சும்மா நிற்கும். ஓடாததால் ரயரின் பூ தேயாது, பார்க்கப் புதிது போலவே இருக்கும். ஆனால் பக்கச் சுவரில் மயிரிழை மயிரிழையாய் வெடிப்பு விழுந்திருக்கும், உள்ளே றப்பர் காய்ந்து போயிருக்கும். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கிறது. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்த ரயர். ஐந்தாறு வருடம் கடந்துவிட்டால், பூ எவ்வளவு இருந்தாலும் நான் மாற்றச் சொல்வேன். காற்றுக் குறைவாய் ஓடினால் ரயர் சூடேறி வெடிக்கும். கரவன் ரயர்கள் சிலவற்றுக்கு மணிக்கு 65 மைல்தான் எல்லை என்பதையும் நெடுஞ்சாலையில் மறந்துவிடாதீர்கள்.

ஒரு மணித்தியாலம் ஓடி நிறுத்தியதும் ஒவ்வொரு சில்லின் நடுவுக்கும் கிட்ட புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி இளஞ்சூடாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் சுட்டால், பெயாரிங்கில் கிறீஸ் வற்றியிருக்கும் அல்லது பிறேக் ஒட்டிக்கொண்டிருக்கும். மேற்கொண்டு ஓடாதீர்கள்.

அப்புறம் காஸ். 2021 கார்த்திகை, மார்கழியில் இலங்கை முழுக்க காஸ் அடுப்புகள் வெடித்தது எங்களுக்கு மறக்காது. கரவனில் சமையலும் படுக்கையும் ஒரே அறை. புறோப்பேன் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில் படியும். அதனால் அதற்கான எச்சரிக்கைக் கருவி நிலத்தோடு ஒட்டினாற்போல் இருக்கும், அதை மறைத்துப் பெட்டி சாமான் அடுக்கக் கூடாது. காஸில் ஓடுகிற குளிர்சாதனப் பெட்டியைச் சரிவில் நிறுத்தி நீண்ட நேரம் இயக்கினால் அதன் கொதிகுழாய் அளவுமீறிச் சூடாகிக் கெட்டுப்போகும். குழாய் வெடித்துத் தீப்பிடிக்கும் ஆபத்தால் அமெரிக்காவில் பெருந்தொகையான குளிர்சாதனப் பெட்டிகளைத் திருத்தத்துக்குத் திருப்பி அழைத்திருக்கிறார்கள். உங்கள் கரவனுக்கும் அப்படி ஓர் அழைப்பு இருக்கிறதா என்று அந்தந்த நாட்டுப் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம்.

குளிர் தாங்காமல் அடுப்பை மூட்டி அறையைச் சூடாக்குவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள், பெற்றோரையும் செய்ய விடாதீர்கள். அடுப்பிலிருந்து வருகிற காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை, நித்திரையிலேயே உயிர் போய்விடும். அதற்கான கருவியின் பின்புறத்தில் காலாவதித் திகதி இருக்கும், ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

எங்கள் ஊர்ப் பெட்டிக்காரருக்கு ஒன்று. ஏ-9 வீதியில் இரவில் பின்விளக்கு இல்லாமல் நெல்மூட்டையோடு போகிற பெட்டியை, பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரர் கிட்ட வந்துதான் காண்கிறார். விளக்கு வயர் அறுந்திருந்தால் பெரும்போக அறுவடை தொடங்குமுன் பூட்டுவியுங்கள். அதுவரைக்கும் இரண்டு பக்க மூலையிலும் சிவப்புப் பிரதிபலிப்புத் தாளாவது ஒட்டிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.