ஒரே கடந்தை, ஒருவருக்கு வீக்கம், இன்னொருவருக்கு மயக்கம்: ஏன்?

[காட்சி: திசையன்விளை பக்கம் ஒரு பனங்காடு. ஓலைக்கு அடியில் தொங்கும் கடந்தைக் கூடு.]

திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரம், திசையன்விளை பக்கத்தில் கடந்தை என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்கு: அது ஒரு பெரிய குளவி. கருத்த உடம்பு, வயிற்றில் மஞ்சள் பட்டை, கொட்டினால் உயிர் போகிற கடுப்பு.

காற்றில் ஓலை ஆடிக் கூடு கலைகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே நின்ற இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு கொட்டு. ஒருவருக்குக் கை வீங்கி, ரெண்டு மூணு நாளில் வடிந்துவிடுகிறது. இன்னொருவருக்குப் பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சிழுப்பு, கண் இருட்டிக் கீழே சாய்கிறார். விஷம் ஒன்றுதான், அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

"கடந்தை கொட்டி ஒருவர் பலி" என்று பேப்பரில் வரும் செய்திகளில் இரண்டு விதமான சாவு கலந்து கிடக்கிறது. கூட்டமாக வந்து ஐம்பது, நூறு இடத்தில் கொட்டினால் விஷத்தின் அளவே ஆளைக் கொல்லும். தசையும் ரத்த அணுக்களும் சிதைந்து, சிறுநீரகம் பழுதாகும். அது யாருக்கும் நடக்கலாம். ஒரே ஒரு கொட்டில் சாய்வது வேறு சங்கதி. அது ஒவ்வாமை. இந்த வீடியோவும், இதில் சொல்லப்போகும் சிகிச்சையும் இந்த இரண்டாவது விதத்துக்கு மட்டும்தான்.

[காட்சி: வரைபடம். ஒரு மாஸ்ட் செல், அதன் மேல் ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருள்கள்.]

ஒவ்வாமை முதல் கொட்டிலேயே வெளியே தெரிவது அபூர்வம். முன்பு எப்போதோ கொட்டியபோது, சிலருடைய உடம்பு அந்த விஷப் புரதத்துக்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. அது தோலிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். மறுபடி கொட்டியதும் அந்த செல்கள் ஹிஸ்டமினையும் வேறு பல ரசாயனங்களையும் ஒரேயடியாக வெளியே கொட்டிவிடும். ரத்தக் குழாய்கள் விரிந்து பிரஷர் இறங்கும், மூச்சுக்குழாய் சுருங்கும். இதுதான் அனாஃபிலாக்சிஸ்.

கொட்டிய கை முழங்கை வரை வீங்கினால் பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் வீக்கம் அந்தக் கையோடு நின்றால் பெரும்பாலும் ஆபத்தில்லை. கொட்டியது கையில், தடிப்பு வயிற்றில். அல்லது குரல் கம்முகிறது, வாந்தி வருகிறது, தலை சுற்றுகிறது. அப்படியானால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஆனால் அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கிற அண்ணாச்சி என்ன சொல்வார்? "ஒண்ணும் ஆவாது வே, கொஞ்சம் சுண்ணாம்பத் தேய்ச்சு விடும்." சுண்ணாம்பு தோலோடு நின்றுவிடும். உள்ளே இறங்குகிற பிரஷருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அவில் என்ற ஒவ்வாமை ஊசியும் அரிப்பைத்தான் குறைக்கும். உயிரைப் பிடித்து நிறுத்துவது அட்ரினலின். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். சரியாகவில்லை என்றால் 5 நிமிடம் கழித்து இன்னொன்று. விலை மலிவான மருந்து, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்க வேண்டிய மருந்து.

108-ஐக் கூப்பிட்டுவிட்டு ஆளைப் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம். எழுப்பி நடக்க வைக்க வேண்டாம், பிரஷர் இறங்கிய ஆள் திடீரென எழுந்தால் இதயமே நின்றுபோகலாம். கொட்டியது தேனீ என்றால் கொடுக்கு தோலிலேயே நிற்கும், விஷப்பை அதோடு சேர்ந்து விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தாலோ எதனாலோ, உடனே எடுத்துவிடுங்கள். கடந்தை கொடுக்கை விட்டுப் போகாது, அதனால் ஒரே பூச்சி பல முறை கொட்டும்.

தெளிந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். சில மணி நேரம் கழித்து எல்லாம் மறுபடி வரக்கூடும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாக வீடு வந்ததும், "கண்டம் கழிஞ்சிட்டு" என்று முடித்துவிடுகிறோம். எனக்கு இதுதான் பெரிய வருத்தம். இப்படி ஒரு முறை சாய்ந்தவருக்கு அடுத்த கொட்டிலும் அதுவே நடக்கும் வாய்ப்பு, பெரியவர்களில் ஏறத்தாழ 30 முதல் 60 சதவீதம். பனங்காட்டிலோ தேயிலைத் தோட்டத்திலோ பிழைப்பு நடத்துகிறவருக்கு அடுத்த கொட்டு வராமலா போகும்?

[காட்சி: பழைய ஆய்வுக்கூடம். கண்ணாடிக் குப்பிகள்.]

இதற்கு ஒரு நல்ல சிகிச்சை இருக்கிறது. மருந்தே அந்த விஷம்தான். ஆனால் பல பத்தாண்டுகள் உலகம் தப்பான மருந்தைப் போட்டுக்கொண்டிருந்தது: பூச்சியை முழுசாக அரைத்து எடுத்த சாறு. 1978-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சுத்தமான விஷம், ஒரு குழுவுக்கு அரைத்த சாறு, ஒரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி. பிறகு மருத்துவமனையிலேயே, எல்லா ஏற்பாட்டோடும், பூச்சியை விட்டுக் கொட்ட வைத்தார்கள். வெறும் ஊசி போட்டவர்களில் 12-க்கு 7 பேருக்கு ஒவ்வாமை. அரைத்த சாறு போட்டவர்களில் 11-க்கு 7. விஷம் போட்டவர்களில் 18-க்கு ஒருவர் மட்டுமே. அரைத்த சாறும் வெறும் ஊசியும் ஒன்றுதான் என்று அன்றைக்குத் தெரிந்துபோனது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் விஷ மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

ஒரு மைக்ரோகிராமிலும் குறைவாகத் தொடங்கி, வாராவாரம் ஏற்றி, 100 மைக்ரோகிராமுக்குக் கொண்டுபோவார்கள். அது ஏறக்குறைய இரண்டு தேனீக் கொட்டு. பிறகு மாதம் ஒரு ஊசி, 3 முதல் 5 ஆண்டு வரை. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும், ஏனென்றால் ஊசியே ஒவ்வாமையைக் கிளப்பலாம். போகப்போக, ஐஜிஜி4 என்ற இன்னொரு எதிர்ப்பொருள் பெருகி விஷத்தை வழியிலேயே மடக்கும், எதிர்ப்புச் செல்களும் அடங்கும். குளவி வகைக்கு 90 சதவீதத்துக்கு மேல் பலன், தேனீக்குச் சுமார் 80.

சரி, நம்ம ஊர் நிலவரம்? இந்த விஷ மருந்து இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை. தானே குத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனாவும் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்காது. தவிர, வெளிநாட்டு மருந்துகள் அங்குள்ள குளவிகளின் விஷத்திலிருந்து செய்தவை. நம்ம கடந்தை அவற்றுக்குச் சொந்தக்காரன்தான், ஆனால் விஷம் அச்சு அசலாக ஒன்றல்ல. அதனால் கொட்டியது எது என்று தெரிவது முக்கியம். செத்த பூச்சி கிடந்தால் ஒரு தீப்பெட்டியில் போட்டு எடுத்துப்போங்கள்.

கொட்டி 4 முதல் 6 வாரம் கழித்து ஒவ்வாமை நிபுணரைப் பாருங்கள். அதற்கு முன்னால் தோல் பரிசோதனை செய்தால் ஒன்றுமில்லை என்று தப்பாகக் காட்டலாம். ரத்தத்தில் ஐஜிஇ-யோடு, மாஸ்ட் செல்கள் வெளிவிடும் டிரிப்டேஸ் என்ற நொதியின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது கூடுதலாக இருந்தால் மாஸ்ட் செல் நோய் இருக்கலாம். அந்த நோய் உள்ளவர்களுக்கு இந்த விஷ ஊசிச் சிகிச்சை ஆயுள் முழுக்கத் தேவைப்படும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், சில மாத்திரைகள் அட்ரினலினை வேலை செய்ய விடாது. நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். அட்ரினலினை வீட்டில் வைத்துக்கொள்வது பற்றியும், யார் எப்படிப் போடுவது என்றும் அவரிடமே கேட்டு, வீட்டில் இருவருக்காவது பழக்கி வையுங்கள்.

மரத்தில் கூடு தெரிந்தால் ராத்திரியில் தீப்பந்தம் கட்டிக்கொண்டு நீங்கள் போகாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101.