படகு சுற்றிப் போகட்டும்

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம். பழைய பாலம் படகுக்கு வழிவிட வேண்டுமா, படகு பாலத்துக்கு வழிவிட வேண்டுமா என்பது இன்றைய வழக்கு. படகுதான் வழிவிட வேண்டும் என்பது எங்கள் அணி.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் சீனாவின் ஹாங்சோ நகரத்தைக் காட்டினார். "பெருங்கால்வாயின் குறுக்கே நிற்கும் கோங்சென் பாலத்தைத் தாண்டிப் பெரிய சரக்குப் படகு போக முடியாது. அதனால் சுமார் 26 கிலோமீட்டருக்குப் புதுக் கால்வாய் வெட்டி 2023-ல் திறந்தார்கள். பாலத்தைப் பிரித்து அருங்காட்சியகத்தில் வைத்திருந்தால் போதாதா?" என்று கேட்டார். சரி, நானும் ஹாங்சோவுக்கே வருகிறேன்.

அந்தப் பாலத்தின் உருவத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மூன்று கல் வளைவுகள். நீளம் ஏறக்குறைய 98 மீட்டர், உயரம் 16 மீட்டர். நடுவில் ஒட்டகத் திமில் போல் உயர்ந்து இருபக்கமும் படிகளாக இறங்குகிறது. ஏன் இவ்வளவு உயரம்? நடப்பவனுக்குத் தட்டையான பாலம்தானே சுகம்! கீழே படகு தடையில்லாமல் போகட்டும் என்றுதான் உயர்த்திக் கட்டினார்கள். கூடையைச் சுமந்து வந்தவரும், பிள்ளையை இடுப்பில் வைத்து வந்தவரும் மூச்சு வாங்க ஏறி இறங்கியது படகுக்காக. பாலம் தன் பங்கை எப்போதோ விட்டுக்கொடுத்துவிட்டது, நடுவர் அவர்களே! இப்போது முறை படகுடையது.

"1631-ல் கட்டியது அப்படியேவா இருக்கிறது? இப்போது நிற்பது 1885-ல் எழுப்பியதுதானே?" என்றும் கேட்டார். உண்மைதான். இடிந்திருக்கிறது, போரில் சிதைந்திருக்கிறது. ஆனால் 1885-ல் உலகத்தில் இரும்புப் பாலங்கள் வந்துவிட்டன. அப்போதும் அந்த ஊர்க்காரர்கள் கல்லிலேயே, வளைவாகவே எழுப்பினார்கள் என்றால் அது அவர்களுக்கு எவ்வளவு வேண்டிய பாலம்! கோங் என்ற சொல்லுக்கே கை குவித்து வணங்குவது என்று பொருள். தெற்கே வரும் பேரரசரை ஊர் கும்பிட்டு வரவேற்பதாக வைத்த பெயர்.

அந்தக் கும்பிட்ட கையில்தான் படகுகள் பல தடவை மோதின. தூண்களைக் காக்க, கல் விலங்குகள் அமர்ந்த நான்கு காவல் தூண்களைத் தண்ணீரில் நிறுத்த வேண்டியதாயிற்று. அப்புறம்தான் புது வழி வந்தது. அதனால் வணிகம் நொடித்ததா? இல்லை. பழைய வழியில் 500 டன் படகுக்கே இடம். புது வழியில் 1,000 டன் படகு போகிறது. பாலத்தை இடித்திருந்தாலும், இருபுறமும் வீடுகள் நெருங்கிய அந்தப் பழைய கால்வாயை எவ்வளவுதான் அகலப்படுத்த முடியும்?

கடைசியாக அருங்காட்சியகம். கல் வளைவில் ஒரு கல்லை இன்னொரு கல் தாங்குகிறது. அந்தப் பாரத்தை மேலே நடப்பவர்களின் கால் தினமும் சோதிக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் கற்களை அடுக்கி வைக்கலாம். அதன்மேல் ஏறி, நடுவில் நின்று, கீழே போகும் படகை ஒரு குழந்தைக்குக் காட்ட எதிரணி நண்பர் எங்கே இடம் வைத்திருக்கிறார்? அடுத்து வருபவர் அதைச் சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.