இங்கே எதற்கு ஒரு நிலையம்?

(ரயில் ஆர்வலர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் உங்களை ஓர் இடத்தில் இறக்கிவிடுகிறேன். ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில், முரோரான் பாதையில் கொபோரோ என்று ஒரு நிலையம். இந்தப் பக்கம் ஒரு சுரங்கம், அந்தப் பக்கம் ஒரு சுரங்கம். நடுவில் நூறு மீட்டர்கூட வராத இடைவெளி. அதற்குள்தான் நிலையம். வீடு கிடையாது, கடை கிடையாது, டிக்கெட் கவுண்டர் கிடையாது. வண்டி வருகிற சாலை எதுவும் அங்கே வந்து சேராது. நான் இறங்குவதற்காகக் கதவருகே போய் நின்றதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "திரும்பிப் போகிற வண்டி எத்தனை மணிக்கு என்று தெரியும்தானே?" என்று கேட்டார். நேரம் எழுதி வைத்திருந்த தாளைக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார். ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்த பிறகும் அதன் சத்தம் உள்ளேயே உருண்டுகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கிவிட்டது.

அப்போது மனதில் வந்த கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். இங்கே எதற்கு ஒரு நிலையம்?

தனியாக இருக்கிறது, அழகாக இருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. ரயில்வேக்காரர்கள் வேடிக்கைக்காக எதையும் கட்டமாட்டார்கள். ஒரு மேடை இருந்தால், என்றைக்கோ அதற்கு ஒரு தேவை இருந்திருக்கும்.

கொபோரோவின் காரணம் ரயிலில் போய்ப் பழகிய நமக்கு உடனே புரியும்: கிராசிங். 1943-இல், போர்க்காலத்தில், இந்தப் பாதையில் இன்னும் நிறைய சரக்கு வண்டிகளை ஓட்ட வேண்டியிருந்தது. அன்று இருந்தது ஒற்றைத் தடம். எதிரெதிரே வரும் வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிட எங்காவது இடம் வேண்டும். மலையைக் குடைந்துகொண்டே போகிற பாதையில் வானம் தெரிகிற அரிய இடுக்கு இது. அங்கே ஒரு சிக்னல் நிலையம் அமைத்தார்கள். பின்னால் இரட்டைத் தடம் வந்ததும் கிராசிங்குக்கு வேலை இல்லாமல் போனது. 1987-இல் தேசிய ரயில்வே தனியார்மயமானபோது இது முறைப்படி பயணிகள் நிலையமாக ஆனது. ஏற ஆள் இல்லாத ஒரு பயணிகள் நிலையம்!

இப்படிப்பட்ட இடங்களுக்கு ஜப்பானில் 'ஹிக்யோ எகி' என்று பெயர். ஹிக்யோ என்றால் யாரும் எட்டிப் பார்க்காத ஒதுங்கிய நிலம், எகி என்றால் ரயில் நிலையம். உஷியாமா தகானொபு என்ற ரயில் ஆர்வலர் 1990-களின் கடைசியில் இந்த நிலையங்களைத் தேடித் தேடிப் போய்ப் பரப்பிய சொல் இது. அவர் இவற்றுக்கு மதிப்பெண்ணும் போட்டார். எவ்வளவு ஒதுங்கியிருக்கிறது, ரயிலில் போய்ச் சேருவது எவ்வளவு கடினம், ரயில் இல்லாமல் வெளியிலிருந்து போய்ச் சேருவது எவ்வளவு கடினம் என்றெல்லாம் தனித்தனியாகக் கணக்கிட்டார். ஒரு தனி மனிதரின் ஆசை, இன்று ஜப்பானில் எல்லோருக்கும் தெரிந்த சொல்லாகிவிட்டது.

எப்படிப் போவது என்று சிலர் கேட்டீர்கள். இந்த நிலையங்களில் எக்ஸ்பிரஸ் நிற்காது. சாதாரண வண்டிகளுக்கென்றே 1982 முதல் விற்கப்படும் 'செய்ஷுன் 18' என்ற சீட்டு இருக்கிறது. பெயரில் 18 இருந்தாலும் எந்த வயதினரும் வாங்கலாம். முன்பு விருப்பப்பட்ட ஐந்து நாட்களில் பயன்படுத்தலாம் என்று இருந்தது. 2024 குளிர்காலத்திலிருந்து தொடர்ச்சியான நாட்களில்தான் பயன்படுத்த வேண்டும். அப்புறம், கால அட்டவணை. அதுதான் உயிர். இறங்கிவிட்டு அடுத்த வண்டிக்கு ஐந்து மணி நேரம் காத்திருக்க நேரிடலாம். அதனால் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிச் சில நிலையங்கள் முன்னே போய், எதிர்த் திசையில் வரும் வண்டியைப் பிடித்துத் திரும்பி வந்து இறங்குவோம். அப்படிச் செய்தால் ஐந்து மணி நேரக் காத்திருப்பு ஒரு மணி நேரமாகக் குறையும். எத்தனையோ இரவுகள் தாளும் பென்சிலுமாக இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன். பயணத்தில் பாதி மகிழ்ச்சி அங்கேயே கிடைத்துவிடுகிறது.

சரி, அடுத்த நிலையம். ஷிகொகு தீவில், தொகுஷிமா மாகாணத்தில் சுபோஜிரி. இங்கே காரணம் நீராவி எஞ்சின். பாதை ஆயிரத்துக்கு இருபத்தைந்து என்ற ஏற்றத்தில் போகிறது, அதாவது ஆயிரம் மீட்டருக்கு இருபத்தைந்து மீட்டர் உயர்கிறது. அந்தச் சரிவில் நீராவி வண்டி நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. அதனால் பிரதான பாதையிலிருந்து ஒரு சமதளக் கிளையைப் பிரித்து, அங்கே வண்டியை நிறுத்தி, பின்னோக்கி நகர்த்தி, திரும்பவும் ஏற்றத்துக்கு அனுப்பினார்கள். 1929-இல் சிக்னல் நிலையமாகத் தொடங்கி 1950-இல் பயணிகள் நிலையமானது. இன்றைய டீசல் வண்டிகளுக்கு அந்தச் சமதளம் தேவையே இல்லை. ஆனாலும் அங்கே நிற்கிற வண்டி இன்றும் அதே முறையில்தான் முன்னும் பின்னும் போகிறது. ஓட்டுநர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பெட்டிக்குள்ளேயே நடந்து வருவார். பயணிகள் காலை ஒதுக்கி வழிவிடுவார்கள். பார்க்க அவ்வளவு பிடித்திருந்தது எனக்கு.

இப்போது பிரதான தீவான ஹொன்ஷுவில் ஓடும் ஈடா வழித்தடம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். தொயோஹாஷியிலிருந்து தத்சுனோ வரை 195.7 கிலோமீட்டர். அதற்குள் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள். நடுப்பகுதியில் தென்ரியூ ஆற்றின் பள்ளத்தாக்கு. செங்குத்துப் பாறை, கீழே ஆறு, இரண்டுக்கும் நடுவில் தண்டவாளம். தாமோதோ என்ற நிலையத்தில் மேடையின் முதுகில் நேராக ஒரு பெரிய கான்கிரீட் சுவர் எழுகிறது. நிற்க இடமே அவ்வளவுதான். மேலே போக ஒரு படிக்கட்டும் காட்டுப் பாதையும் உண்டு.

இந்தப் பள்ளத்தாக்கில் பாதை போட முடியுமா என்று அளந்து பார்ப்பதே உயிரைப் பணயம் வைக்கிற வேலை. அதைச் செய்து கொடுத்தவர் கவாமுரா கனேதோ. ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு மக்களில் ஒருவர். 1893-இல் பிறந்தவர், தேர்ந்த நில அளவையாளர். மற்றவர்கள் தயங்கிய பாறைகளில் ஐனு குழுவோடு தொங்கி அளந்தார். பிற்பாடு கட்டுமானப் பணியையும் முன்னின்று நடத்தினார். அன்றைய ஜப்பானில் ஐனு மக்கள் பட்ட இழிவுகளையெல்லாம் இங்கேயும் பட்டுக்கொண்டுதான் அந்த வேலையை முடித்தார். 1937-இல் பாதை முழுதாக இணைந்தது. அசாஹிகாவா நகரில் அவர் பெயரில் ஒரு நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. ஈடா பாதையில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற ஒவ்வொருவருக்கும் இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அதற்காகவே இன்றைய பேச்சை ஒப்புக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

அதே பாதையில் கோவாடா. ஷிஸுவோகா, ஐச்சி, நகானோ என்ற மூன்று மாகாணங்களும் சந்திக்கிற இடத்துக்குப் பக்கத்தில், 1936-இல் திறந்த நிலையம். ஒரு காலத்தில் இங்கே ஊர் இருந்தது. தேயிலை விளைந்தது. 1956-இல் கீழே சகுமா அணை கட்டி முடிந்தபோது நீர் ஏறி ஊரை மூழ்கடித்தது. நிலையம் மேலே இருந்ததால் தப்பித்தது. மக்கள் போய்விட்டார்கள். இறங்கிச் சரிவில் நடந்தால், இடிந்துகிடக்கும் பழைய தேயிலைத் தொழிற்கூடமும் துருப்பிடித்த ஒரு மூன்று சக்கர வண்டியும் கண்ணில் படும். அந்த வண்டியின் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். இன்று அது ஓடிப்போக ஒரு சாலைகூட அங்கே இல்லை.

1993-இல் கோவாடாவுக்குத் திடீரென்று கூட்டம் வந்தது. அன்றைய பட்டத்து இளவரசர் நருஹிதோவை மணந்த மசாகோவின் குடும்பப் பெயர் ஓவாடா. கோவாடா, ஓவாடா இரண்டையும் எழுதுகிற சித்திர எழுத்துகள் ஒன்றே. அதற்காக மட்டுமே ஆயிரம் தடைகளைத் தாண்டி மக்கள் வந்தார்கள். இன்று காத்திருப்பு அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. வந்தவர்கள் எழுதிவிட்டுப் போகலாம். மழை, தனிமை, அப்பாவோடு சிறுவயதில் வந்தது, வேலையை விட்டுவிட்டு வந்தது என்று எல்லாம் எழுதியிருக்கிறார்கள். நானும் தமிழில் நான்கு வரி எழுதி வைத்தேன்.

அணை என்றதும் நினைவுக்கு வருவது, ஷிஸுவோகா மாகாணத்தில் ஓயிகாவா ரயில்வே நடத்தும் இகாவா பாதை. இதுவே அணை கட்டுவதற்காகப் பிறந்த பாதை. நகாஷிமா அணை பழைய தடத்தை மூழ்கடித்ததால் 1990-இல் புதிய தடம் போட்டார்கள். அதில் ஒரு துண்டு ஆயிரத்துக்குத் தொண்ணூறு ஏற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயிலில் போனவர்கள் இங்கே இருக்கிறீர்களா? தண்டவாளத்துக்கு நடுவே, எஞ்சினின் பற்சக்கரம் பற்றி ஏறுகிற பற்சட்டம் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஆப்ட் முறை என்று பெயர். அதே முறைதான் அங்கேயும். ஜப்பானில் இன்று பற்சட்டத்தில் ஓடுகிற ஒரே பாதை அது. ஏற்றம் முடிந்து சற்றுத் தூரத்தில், ஏரிக்குள் நீண்டிருக்கும் நிலத்தின் நுனியில் ஒகு ஓயி கோஜோ நிலையம். இன்னும் மேலே ஒமோரி. அணைத் தொழிலாளர்கள் குடியிருந்த இடம், இப்போது சாலையும் இல்லை, வீடும் இல்லை. 2009-இல் கரடி நடமாட்டம் தெரிந்ததால் கொஞ்ச காலம் அங்கே யாரையும் இறக்கவே இல்லை.

இவையெல்லாம் என்றும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ஜப்பானில் ரயில் ஓடியது என்ற செய்தி 2016-இல் உங்கள் வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். கதையில் சொன்ன நிலையத்தின் பெயரே தவறு. அந்தப் பெண் ஏறியது பக்கத்திலிருந்த கியூ ஷிராத்தாகியில், வண்டியில் வேறு பயணிகளும் இருந்தார்கள். ஜப்பானில் புதிய கால அட்டவணை மார்ச்சில் வரும், பள்ளி ஆண்டு முடிவதும் மார்ச்சில். இரண்டும் ஒன்றாக வந்ததால் கதை பிறந்தது. அந்த மார்ச்சில் அங்கே மூன்று நிலையங்கள் மூடப்பட்டன. உண்மை அதுதான், அதுவே போதுமான அளவு வலிக்கிறது. 2025 மார்ச்சில் வடகோடியில், மரக் கட்டடத்தோடு நின்ற பக்காய் நிலையமும் போய்விட்டது.

கொபோரோவையும் மூடிவிடலாம் என்று 2015-இல் ரயில் நிறுவனம் சொன்னது. அன்று ஏறக்குறைய நாலாயிரம் பேர் வாழ்ந்த தொயோவுரா ஊராட்சி, பராமரிப்புச் செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று முன்வந்தது. குடியிருப்பவர் ஒருவர்கூட இல்லாத நிலையத்துக்கு! பார்க்க வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே இப்போது அந்த நிலையத்தின் காரணம்.

அன்று கொபோரோவில், கடற்கரைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் கரடி நெருங்காமல் இருக்க மணியை ஆட்டிக்கொண்டே போய்வந்து, மேடையில் காத்திருந்தேன். எக்ஸ்பிரஸ் ஒன்று நிற்காமல் போனது. அப்புறம் பெட்டகங்களோடு ஒரு நீண்ட சரக்கு வண்டி. காற்று ஆளைத் தள்ளியது. கடைசியில் சுரங்கத்துக்குள் ஒரு விளக்கு தெரிந்தது. ஒற்றைப் பெட்டி டீசல் வண்டி வந்து நின்றது. கதவு திறந்ததும், முதுகில் பையோடும் கையில் மடித்த கால அட்டவணைத் தாளோடும் ஒரு பெரியவர் இறங்கினார். அவர் எனக்குத் தலை வணங்கினார், நானும் வணங்கினேன். அவர் இறங்க, நான் ஏறினேன்.