ரப்பர் பாலில் செய்த நீளும் உணரிக்கு உணர்வுத்திறன் ஏன் குறைகிறது?

குலசேகரத்திலிருந்து ஒரு மாணவி அனுப்பிய கேள்வி இது: “எங்கள் தோட்டத்து ரப்பர் பாலில் கார்பன் பிளாக் (மின்சாரம் கடத்தும் நுண்ணிய கரித்தூள்) கலந்து உலர்த்திய பட்டையை 20 சதவீதம் இழுத்தால், மின்தடை 10 கிலோ ஓமிலிருந்து 15 வரைதான் ஏறுகிறது. கார்பனைக் கூட்டினால் ஏற்றம் இன்னும் குறைகிறது. என்ன செய்யலாம்?”

மின்தடை 50 சதவீதமும் நீளம் 20 சதவீதமும் கூடியிருப்பதால், உங்கள் உணரியின் கேஜ் ஃபேக்டர், அதாவது மின்தடை ஏற்றத்தை நீட்சியால் வகுத்துக் கிடைக்கும் உணர்வுத்திறன் அளவு, 2.5. உலோகத் தகட்டு உணரிகளின் 2-ஐ விட இது கூடுதல் என்று மகிழ்ந்துவிட வேண்டாம். ரப்பர் நீளும்போது மெலியவும் செய்வதால், வடிவ மாற்றம் ஒன்றே மின்தடையை 1.2 × 1.2, அதாவது 1.44 மடங்காக்கிவிடும்; 10 என்பது 14.4 ஆகிவிடும். ஆகவே உங்கள் கார்பன் தன் பங்காக ஏறக்குறைய எதையும் செய்யவில்லை.

கார்பன் மிகுந்திருந்தால், இழுப்பில் ஒரு துகள் தொடர் அறுந்தாலும் மின்னோட்டம் பக்கத்து வழியில் போய்விடும். எனவே கார்பனைக் குறைத்துக்கொண்டே வந்து, பட்டை மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும் எல்லைக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். அங்கே சில தொடர்புகள் அறுந்தாலே மின்தடை பாய்ந்து ஏறும். இதில் ரப்பர் பால் உங்களுக்குக் கிடைத்த வசதி. பால் உலரும்போது ரப்பர் மணிகள் ஒன்றோடொன்று நெருங்கி, செங்கற்களுக்கு இடையே சாந்து நிற்பதுபோல் கார்பனைத் தம் இடுக்குகளில் ஒதுக்கிவிடுவதால், சிறிதளவு கார்பனே முழு வலையாக அமைந்துவிடுகிறது. அதே கலவையை உருளையில் இட்டு அரைத்தால் அந்த ஒழுங்கு குலைந்துபோகும். கார்பனை நேரே பாலில் கொட்டினால் கட்டி கட்டும். சோப்புப் போன்ற பரப்பியக்கி கலந்த நீரில் முதலில் நன்கு கலைத்து, அமோனியா சேர்த்த பாலில் ஊற்றுங்கள்.

சிலந்திக் காலின் உணர்வுப் பிளவுகளைப் பார்த்து, விரிசலிட்ட பிளாட்டினப் படலத்தில் 2014-இல் செய்யப்பட்ட உணரியின் கேஜ் ஃபேக்டர் 2000-ஐத் தாண்டியது. ஆனால் அது 2 சதவீத நீட்சி வரைக்கும்தான். விரல் மடங்குவதை அளப்பது போன்ற, அதிகம் நீள வேண்டிய வேலைக்கு அது பயன்படாது என்பது என் கருத்து.

பட்டையின் நடுப்பகுதியைக் குறுக்கி வெட்டினால், நீட்சி அங்கே குவியும். கிளிப் கடித்த இடம் நழுவினாலும் மின்தடை ஏறும் என்பதால் (நானே ஒரு வாரம் அதை உணர்வுத்திறன் என்று நம்பியிருந்தேன்), முனைகளில் வெள்ளிப் பசை தடவி, அந்தப் பகுதி நீளாதவாறு ஒட்டிவிடுங்கள். புதுப் பட்டையின் முதல் பத்து இருபது இழுப்புகளில் அளவு மாறிக்கொண்டே இருக்கும். அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.