எல்லாரும் நாயகர்கள் ஆகும் ஊரில் கதைக்கு என்ன வேலை?

(தருமபுரியில் கல்லூரி மாணவர்களும் வாசகர்களும் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

சூப்பர் ஹீரோ ஆன்லைன் விளையாட்டுகளில் கதையின் இடம் என்ன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். மாணவர்களுக்கு இந்த உலகம் தெரியும். முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம் மட்டும் சொல்லிவிடுகிறேன். வெவ்வேறு நாடுகளில் உட்கார்ந்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் இணையம் வழியாக ஒரே நகரத்துக்குள் நுழைகிறார்கள். ஒவ்வொருவரும் தனக்கென ஒரு நாயகனையோ நாயகியையோ உருவாக்கிக்கொள்கிறார்கள். உடை, முகமூடி, சக்தி எல்லாம் அவர்களே தேர்ந்தெடுப்பது. பறக்கலாம், நெருப்பைக் கக்கலாம், சுவரை உடைக்கலாம். கூட்டுச் சேர்ந்து வில்லன்களை அடக்கலாம். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் அந்த நகரம் அங்கேயே இருக்கும், மற்றவர்கள் விளையாடிக்கொண்டே இருப்பார்கள்.

இந்த விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் மாணவர்கள் என்னிடம் சொல்வது ஒன்றுதான். "சார், கதையை யார் படிக்கிறாங்க? ஸ்கிப் பண்ணிட்டு நேரா சண்டைக்குப் போயிடுவோம்." உண்மைதான். வசனப் பெட்டி வந்தால் விரல் தானாக ஸ்கிப் பட்டனுக்குப் போகிறது. ஆனால் நீங்கள் ஸ்கிப் செய்தது வசனத்தை மட்டுந்தான். கதை அதற்கு முன்பே உங்களைச் சுற்றி நகரமாக எழுந்து நிற்கிறது.

'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 ஏப்ரலில் வெளிவந்தது. கிரிப்டிக் ஸ்டூடியோஸ் உருவாக்கியது, என்சிசாஃப்ட் வெளியிட்டது. முழுக்க முழுக்கச் சூப்பர் ஹீரோக்களுக்காகவே, ஆயிரக்கணக்கானோர் கூடி விளையாடும் வகையில் அமைந்து பெரிய வெற்றி பெற்ற முதல் விளையாட்டு என்று அதைச் சொல்லலாம். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட பாரகான் சிட்டிதான் களம்.

அதை எழுதியவர்களுக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. ஒரு நகரத்துக்கு ஒரு நாயகன் போதும், மிஞ்சிப்போனால் ஒரு குழு. பத்தாயிரம் நாயகர்கள் எதற்கு? அதற்கு அவர்கள் ஒரு போரை எழுதினார்கள். ரிக்டி என்ற வேற்றுலகப் படை நகரத்தின் மேல் பாய்ந்தது. பழைய நாயகர்கள் பலர் அந்தப் போரில் மாண்டார்கள். நகரம் பாதி இடிந்து கிடக்கிறது, காக்க ஆள் போதவில்லை. அந்த நேரத்தில் நீங்கள் உள்ளே வருகிறீர்கள். நீங்கள் மட்டுமல்ல, எத்தனை பேர் வந்தாலும் இடம் உண்டு. இதைப் படிக்காமல் தாண்டிவிட்டவனுக்கும் இடிந்த கட்டடங்கள் கண்ணில் படும்.

அப்புறம் இன்னொன்று. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களால் முழு நகரத்தையும் ஒரே மூச்சில் தாங்க முடியாது. பகுதி பகுதியாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் நடுவே எதையாவது நிறுத்த வேண்டும். அவர்கள் நிறுத்தியது வானளாவ ஒளிரும் ஒரு சுவர். போர்க்காலத்தில் மக்களைப் பாதுகாக்க எழுப்பியது என்று அதற்கு ஒரு வரலாறு கொடுத்தார்கள். சண்டையில் தோற்றுவிட்டால் விளையாட்டில் மறுபடி உயிர் வர வேண்டும் இல்லையா? உயிர் போவதற்குள் நாயகரை ஒரே நொடியில் ஆஸ்பத்திரிக்கு இடம்மாற்றிச் சேர்க்கும் கருவி ஒன்று அந்த ஊரில் இருப்பதாக எழுதினார்கள். புதிதாக வந்தவர், பல மாதம் விளையாடியவரோடு சேர்ந்து சண்டையிட முடியாது, பலம் ஈடாகாது. அதற்கு, பெரிய நாயகர் சின்னவரைத் தன் சிஷ்யனாகச் சேர்த்துக்கொண்டால் சின்னவரின் பலமும் ஏறக்குறைய அந்த அளவுக்கு உயரும் என்று வைத்தார்கள். சூப்பர் ஹீரோ கதைகளில் நாயகனுக்கு ஒரு இளம் துணை இருப்பது வழக்கந்தானே! சர்வரின் (விளையாட்டை நடத்தும் மையக் கம்ப்யூட்டரின்) குறை, ஆட்ட விதி, நண்பர்களுக்குள் இருக்கும் லெவல் வித்தியாசம், மூன்றுக்கும் கதையே விடை சொல்லிவிட்டது. நல்ல கதை எழுத்து இப்படித்தான் வேலை செய்யும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, அதைவிடக் கடினமான ஒரு சிக்கலுக்கு வருவோம். ஒரு வில்லனை நான் நேற்று வீழ்த்தினேன். இன்று என் நண்பன் வீழ்த்துகிறான். நாளைக்குக் கொரியாவில் ஒருவர் வீழ்த்துவார். அவன் செத்தானா இல்லையா? விமர்சகர்கள் பலரும் இதைக் காட்டித்தான் இத்தகைய விளையாட்டுகளில் கதையே சாத்தியமில்லை என்று வாதிடுகிறார்கள்.

நம் மாவட்டத்தில் வளர்ந்த ஒருவருக்கு இந்தக் கேள்வி கேள்வியாகவே தோன்றாது. பங்குனி, சித்திரை, வைகாசியில் தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் பாரதக் கூத்து நடக்கிறது. திரௌபதி அம்மன் கோயிலில் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. ஓர் ஊரில் அர்ச்சுனன் தபசு மரம் ஏறிக்கொண்டிருக்கும்போது, சில மைல் தள்ளி இன்னொரு ஊரில் இன்னொரு அர்ச்சுனன் ஏறிக்கொண்டிருக்கலாம். மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் ஊரிலும் படுகளத்தில் வீழ்கிறான். "போன வருஷமே செத்தானே?" என்று எந்தப் பாட்டியும் கேட்பதில்லை. நம் ஊரில் இன்று நம் கண்முன் நடப்பதுதான் முக்கியம். பகாசுரன் கூத்து நாளில் பீமன் சோற்று வண்டியோடு தெருத்தெருவாக வரும்போது வீட்டுக்கு வீடு சோறு போடுகிறார்கள். போடுகிறவர்கள் அந்த நேரத்துக்கு ஏகசக்கர நகரத்து மக்கள் ஆகிவிடுகிறார்கள். கட்டியக்காரன் கதைக்கு உள்ளேயும் வெளியேயும் போய்வந்து கூட்டத்தோடு பேசுகிறான். கதை தெரிந்ததே, முடிவும் தெரிந்ததே. இருந்தும் ஊர் முழுக்க விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது, ஏனென்றால் அந்தக் கதைக்குள் ஊருக்கு ஓர் இடம் இருக்கிறது.

ஆன்லைன் விளையாட்டும் இதே ஏற்பாட்டைத்தான் செய்கிறது. முக்கியமான மிஷனுக்குள், அதாவது கதையில் உங்களுக்குக் கொடுக்கும் ஒரு பணிக்குள், உங்கள் டீம் நுழைந்ததும், அந்தக் கட்டடத்தின் தனிப் பிரதி ஒன்றை சர்வர் உங்களுக்காக மட்டும் உருவாக்கித் தரும். அதே வேளையில் இன்னொரு டீமுக்கு இன்னொரு பிரதி. வில்லன் எத்தனை முறை வீழ்ந்தான் என்பதை யாரும் எண்ண வேண்டியதில்லை. அவன் வீழ்ந்தபோது உங்களுக்கு அங்கே என்ன வேலை இருந்தது என்பதைத்தான் எழுதுகிறவர் யோசிக்க வேண்டும்.

சூப்பர் ஹீரோ விளையாட்டில் கதையின் முதற்பணி, விளையாடுகிறவருக்கு ஓர் இடம் ஒதுக்கித் தருவது. அழகான வசனமெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் எது நின்றது, எது சறுக்கியது என்பது எனக்குத் தெளிவாகவே தெரிகிறது.

2005-ல் 'சிட்டி ஆஃப் வில்லன்ஸ்' வந்தது. அதில் நீங்கள் சிறையிலிருந்து தப்பிக்கும் வில்லன். லார்ட் ரெக்ளூஸ் என்ற பெரும் வில்லனின் ஆட்கள் உங்களை மீட்டு வருகிறார்கள். காரணம் ஒரு தீர்க்கதரிசனம்: விதி குறித்துவைத்த ஒருவர் எழுவார். அவர் யார் என்று தெரியாது. அதனால் தகுதி இருக்கிறவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். பாருங்கள், எத்தனை ஆயிரம் பேர் விளையாடினாலும் அத்தனை பேரும் "அது நானாகத்தான் இருக்கும்" என்று நினைத்துக்கொள்ளலாம். இந்தத் தீர்வை நினைத்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

2011 ஜனவரியில் 'டிசி யுனிவர்ஸ் ஆன்லைன்' வெளியானது. அங்கே வேறு விதமான இக்கட்டு. சூப்பர்மேனும் பேட்மேனும் ஏற்கெனவே அந்த ஊரில் இருக்கிறார்கள், நீங்கள் எதற்கு? எதிர்காலத்தில் அந்தப் பெரிய நாயகர்கள் எல்லாரும் வீழ்ந்துவிடுகிறார்கள். அந்த அழிவைப் பார்த்த லெக்ஸ் லூதர், சூப்பர்மேனின் பரம எதிரி, காலத்தில் பின்னோக்கி வந்து, பிரெய்னியாக் என்ற வேற்றுலக வில்லனிடமிருந்து திருடிய நுண்கருவிகளை உலகத்தின் மேல் தூவிவிடுகிறான். அவை தொட்ட சாதாரண மனிதர்களுக்குச் சக்தி வருகிறது. அவர்களில் ஒருவர் நீங்கள். சூப்பர்மேன் அங்கே உங்கள் குருவாக இருக்கிறாரே தவிர, உங்கள் இடத்தைப் பறித்துக்கொள்வதில்லை. நாயகர்களைக் காலமெல்லாம் எதிர்த்தவனே புதிய நாயகர்களைப் படைக்கிறான் என்பது கதையாகவும் வலுவானது.

2013-ல் வந்த 'மார்வெல் ஹீரோஸ்' வேறு வழி போனது. அங்கே சொந்த நாயகரை உருவாக்க முடியாது. ஸ்பைடர்மேன், அயர்ன்மேன் என்று பெயர்பெற்றவர்களைத்தான் எடுத்து ஆட வேண்டும். ஒரே தெருவில் நான்கு ஸ்பைடர்மேன் குதித்துக்கொண்டிருப்பார்கள். சண்டை விறுவிறுப்பானது, அதை ரசித்தவர்கள் ஏராளம். புகழ்பெற்ற காமிக்ஸ் எழுத்தாளர் பிரையன் மைக்கேல் பெண்டிஸ்தான் கதை எழுதினார். ஆனாலும் அந்தக் கதை டாக்டர் டூம் என்ற வில்லனுக்கும் அந்த நாயகர்களுக்கும் நடுவே நடந்து முடிந்தது. விளையாடியவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 2017 இறுதியில் அது மூடப்பட்டது. மூடியதற்கு வணிகக் காரணங்கள் உண்டு, கதையை மட்டும் குறைசொல்ல மாட்டேன். ஆனால் எனக்குப் பிடிபடாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து, எதிரி. கிரிப்டிக் நிறுவனமே 2009-ல் 'சாம்பியன்ஸ் ஆன்லைன்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடிய 1981-ஆம் ஆண்டின் ஒரு விளையாட்டிலிருந்து பிறந்தது அது. அதில் 25-ஆம் லெவலை எட்டியதும் உங்கள் பரம எதிரியை நீங்களே படைக்கலாம். அவனுடைய பெயர், உடை, சக்தி, குணம், அவனுடைய அடியாட்கள் எப்படி இருக்க வேண்டும் என்பது வரை உங்கள் விருப்பம். நீங்கள் வேறு ஏதோ வேலையாகத் தெருவில் போகும்போது அவனுடைய ஆட்கள் திடீரென்று வழிமறிப்பார்கள். என் மதிப்பீட்டில் இந்த வகை விளையாட்டுகளில் கதைக்காகச் செய்யப்பட்ட மிகத் துணிச்சலான காரியம் இது. ஒருவருடைய எதிரியைக் கேட்டால் அவர் எதற்காக நிற்கிறார் என்பது தெரிந்துவிடும். தன் எதிரியை உட்கார்ந்து யோசித்து எழுதியவர், தன் நாயகனின் கதையில் பாதியை எழுதிவிட்டார்.

அந்த எழுத்துப் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. 'சிட்டி ஆஃப் ஹீரோ'ஸில் ஒவ்வொரு நாயகருக்கும் பின்கதை எழுத ஒரு சிறு பெட்டி உண்டு. அதில் எழுதியதால் பலம் கூடாது, பரிசு கிடையாது. ஆனாலும் மக்கள் எழுதித் தள்ளினார்கள். எதிரே வரும் முன்பின் தெரியாத நாயகரைக் க்ளிக் செய்தால் அவருடைய கதையைப் படிக்கலாம். தொடக்கத்தில் பலர் பிரபலமான காமிக்ஸ் நாயகர்களைப் போலவே உடையமைத்தார்கள். அதை எதிர்த்து, ஸ்பைடர்மேன் போன்ற நாயகர்களின் காமிக்ஸை வெளியிடும் மார்வெல் நிறுவனம் 2004-ல் வழக்கே போட்டது. அடுத்த ஆண்டு சமரசமானது. எந்தக் கலையிலும் தொடக்கக்காரர் பார்த்து எழுதித்தான் பழகுவார். பிறகு சொந்தக் கதைகள் பெருகின.

2009 ஏப்ரலில் அந்த விளையாட்டு இன்னும் ஒரு படி போனது. மிஷன்களையே விளையாடுகிறவர்கள் எழுதி வெளியிடலாம் என்று ஒரு கருவியைக் கொடுத்தார்கள். இடம், எதிரி, வசனம், திருப்பம் எல்லாம் உங்களுடையது. மற்றவர்கள் ஆடிப்பார்த்து மதிப்பெண் போடுவார்கள். சிலர் அதைக் கதைக்காக அல்லாமல், சீக்கிரம் லெவல் ஏறும் குறுக்குவழியாக மாற்றிவிட்டார்கள். நிறுவனம் விதிகளை இறுக்க வேண்டியிருந்தது. அது ஒரு குறைதான். அதற்கிடையிலும் நேர்மையான கதைகள் வந்துகொண்டே இருந்தன.

2012 ஆகஸ்ட் 31 அன்று, 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' விளையாட்டை மூடப்போவதாக என்சிசாஃப்ட் அறிவித்தது. அட்லஸ் பார்க் என்று ஒரு பகுதி உண்டு, புதிதாக வருகிறவர்கள் கால்வைக்கும் இடம். உலக உருண்டையைத் தாங்கி நிற்கும் பெரிய சிலை அங்கே இருக்கும். நூற்றுக்கணக்கான நாயகர்கள் அந்தச் சிலையடியில் தீப்பந்தம் ஏந்தி நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நவம்பர் 30 அன்று சர்வர்கள் நின்றன. 2019-ல் ரசிகர்கள் ரகசியமாக நடத்திவந்த சர்வர் ஒன்று இருப்பது வெளியே தெரிந்தது. அதிலிருந்து ஹோம்கமிங் என்ற ரசிகர் குழு உருவாகி நகரத்தை மறுபடி திறந்தது. 2024 ஜனவரியில் என்சிசாஃப்ட் அவர்களுக்கு முறைப்படி உரிமமே கொடுத்தது. சண்டை போட அதைவிடப் பளபளப்பான விளையாட்டுகள் அதற்குள் எத்தனையோ வந்துவிட்டன. இவர்கள் திரும்பிவந்தது, அந்தச் சிறு பெட்டிக்குள் தாங்கள் எழுதிவைத்த ஆட்களுக்காக. நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இங்கிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் மென்பொருள் வேலைக்குப் போகும் பிள்ளைகள் பலர். அவர்களில் சிலர் விளையாட்டு உருவாக்கும் நிறுவனங்களிலும் சேர்வார்கள். கோடிங் எழுதத் தெரிந்தவர்கள் நிறைய பேர் கிடைப்பார்கள். ஓர் ஊரையே பதினெட்டு நாள் கதைக்குள் உட்காரவைப்பது எப்படி என்று கூத்து வாத்தியார்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் அங்கே அரிது. பாப்பாரப்பட்டிப் பக்கமோ காவேரிப்பட்டினம் பக்கமோ அடுத்து கூத்து நடக்கும்போது நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள். கட்டியக்காரன் எந்த இடத்தில் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறான், எந்த இடத்தில் ஊர்க்காரர்களை உள்ளே இழுக்கிறான் என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.

(உரைக்குப் பிறகு ஒரு மாணவி எழுந்து கேட்டார்: "சார், நாங்க ஆடுறதெல்லாம் பத்து நிமிஷ மேட்ச். அதுல கதைக்கு எங்க நேரம்?")

நல்ல கேள்வி அம்மா. 2024 டிசம்பரில் வந்த 'மார்வெல் ரைவல்ஸ்' நீங்கள் சொல்லும் வகைதான், ஆறு பேருக்கு ஆறு பேர். நாயகர்களும் வில்லன்களும் ஒரே அணியில் எப்படி? இரண்டு டாக்டர் டூம்கள் மோதியதில் காலங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன என்று ஒரே வரியில் காரணம் சொல்லிவிட்டார்கள். மேட்ச் தொடங்கும் முன் சில நொடி காத்திருப்பீர்கள் இல்லையா, அப்போது உங்கள் அணியில் யார் யார் இருக்கிறார்களோ அதற்கேற்ப அந்தப் பாத்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. பழைய பகை, பழைய நட்பு எல்லாம் அந்தப் பேச்சில் வரும். ராக்கெட் என்ற சின்னப் பிராணி, க்ரூட் என்ற மர மனிதனின் தோளில் ஏறி உட்கார்ந்து சண்டையிடும். அவர்களின் நட்பையே ஆட்ட விதியாக்கிவிட்டார்கள். பத்து நிமிடத்தில் நீங்கள் கதை கேட்கவில்லை என்பது சரி. ஆனால் அடுத்த மேட்சில் யாரோடு யாரைச் சேர்ப்பது என்று யோசிக்கும்போது, அவர்களுக்குள் என்ன உறவு என்றுதான் நீங்கள் யோசிக்கிறீர்கள். அடுத்த கேள்வி? பின்னால் கை தூக்கிய தம்பி, நீங்கள் கேளுங்கள்.